நனைந்த செவ்வாயும் ஒரு கிராங்க் ஷாப்டும்

9-11-71, செவ்வாய்

பீர்க்கன்கரணை ஏரிக்கரையில் வெள்ளைக்காரர் நால்வர் வந்த வேன் இன்று காலை நின்றுவிட்டது. கிராங்க் ஷாப்டு முறிவு. என் மெக்கானிக் குப்புராஜ் லாரியில் கட்டி இழுத்து வந்து என் சேலையூர் கோடவுனில் விட்டான். நல்ல மழை. எனக்கு நோன்பு வேறு. ஆனாலும் போய்ப் பார்த்தேன், பழைய வண்டிச் சாமான் தொழில் ஆயிற்றே.

வேனுக்குள் படுக்கை, அடுப்பு, மேளம், ஒரு கிடார். பின்னால் நான்கு கறுப்புப் பெட்டிகள், இடுப்பளவு உயரம். ஆம்ப்ளிஃபயர். ஒன்றைத் தட்டிப் பார்த்தேன். கனமான பலகை. தாம்பரத்தில் எந்த மைக் செட்காரனிடமும் இப்படி ஒரு சாமான் கிடையாது.

பேச்சுக்கு வில்பிரட் சாரை அழைத்துக்கொண்டேன். கேம்ப் ரோட்டில் குடியிருக்கும் இங்கிலீஷ் வாத்தியார்.

"பாய், இவங்க ஒரு பேண்டு" என்றார்.

"கல்யாண பேண்டா? யூனிஃபார்மைக் காணோமே."

"அது இல்ல பாய். ஜாஸ்-ராக். ஜாஸும் ராக்கும் கலந்தது."

"தனித்தனியாவே ரெண்டும் எனக்குத் தெரியாது சார்."

பேண்டின் பெயர் 'வெட் டியூஸ்டே'. நனைந்த செவ்வாய்க்கிழமை என்று அர்த்தமாம். குப்புராஜ் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான். "செவ்வாக்கெழமைன்னு பேரு வச்சிகினு செவ்வாக்கெழமையே ரோட்ல எறங்கிகிறானுங்க. வண்டி இன்னாத்துக்கு ஓடும் மொதலாளி?"

10-11-71, புதன்

எஞ்சினைப் பிரித்தாயிற்று. இங்கே ஓடும் பழைய லாரி ஒன்றுக்கும் அதே எஞ்சின்தான். அதற்கான ஷாப்டு என் கோடவுனிலேயே, தெற்கு மூலையில், சாக்குக்கு அடியில் கிடக்கிறது. போன ராணுவ டிஸ்போசல் ஏலத்தில் வந்தது.

சொல்லவில்லை. புதுப்பேட்டையில் தேட வேண்டும், பத்து நாளாவது ஆகும் என்றேன். குப்புராஜ் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்க்கவில்லை.

அந்த நான்கு கறுப்புப் பெட்டியையும் எனக்கு விலைக்குத் தரச் சொன்னேன், மூவாயிரம் கேட்டார்கள். ஆயிரத்து இருநூறு என்றேன். சிரித்தார்கள். கஸ்டம்ஸ் புத்தகத்தில் வேன் மட்டும்தான் ஏறியிருக்கிறது, பெட்டிகள் ஏறவில்லை; இங்கே விற்றுவிட்டுப் போனாலும் யாரும் கேட்க மாட்டார்கள். அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் விலை சொன்னேன். பத்து நாளில் கையிலிருக்கும் காசு கரையும், சிரிப்பும் குறையும்.

இது பொய்யா, வியாபாரமா? தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் சாக்கு விரித்து நட்டு போல்ட்டு விற்று வந்தவன் நான். இந்தக் கேள்வியை அன்றைக்கே கேட்டிருந்தால் இன்னும் அந்தச் சாக்கில்தான் உட்கார்ந்திருப்பேன்.

15-11-71, திங்கள்

நோன்பு திறந்த பிறகு கோடவுன் பக்கம் போனேன். அங்கேயே தங்கியிருக்கும் நால்வரும் வாசித்துக்கொண்டிருந்தார்கள். தகரக் கூரை அதிர்கிறது.

வில்பிரட் சார் விசாரித்துச் சொன்ன சரித்திரம்: போன வருஷம் மார்ச்சில் சேர்ந்த குழு. ஒரே ஒரு ரெக்கார்டு போட்டார்கள். ஐந்நூறு அடித்ததில் இருநூறு விற்றது. மீதி முந்நூறு யார் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் என்று கேட்டேன். தலைவனின் தாயார் வீட்டுக் கட்டில் என்றார்கள். தலைவன் மார்ட்டின், ஒரு வளைந்த பித்தளைக் குழல் ஊதுகிறான்; பாட்டுக் கட்டுவதும் அவனே. மெட்ராஸில் ஒரு ஹோட்டலில் ஒரு மாதம் வாசிக்க வைப்பதாக யாரோ சொன்னதை நம்பி வந்திருக்கிறார்கள். அந்த யாரோவைக் காணோம். இனி ராமேஸ்வரம் போய், கப்பலில் சிலோன். வேன் மேளக்காரன் கீத்துடையது, அவன் அப்பா காசில் வாங்கியது.

ஒரு பாட்டை மட்டும் திரும்பத் திரும்ப வாசிக்கிறார்கள். அதன் தாளம் என் காலை இடறுகிறது. நாலு என்று எண்ணிக் காலை வைத்தால் அங்கே படி இல்லை. எண்ணிப் பார்த்தேன். மூன்று, இரண்டு, இரண்டு. ஏழு. இப்போது கடையில் போல்ட்டு எண்ணும்போதும் விரல் அப்படியே போகிறது.

22-11-71, திங்கள்

பெருநாளைக்கு என் மனைவி சித்திகா அந்த நால்வருக்கும் ஒரு தேக்சா பிரியாணி அனுப்பியிருந்தாள். இன்று கீத் தேக்சாவைக் கழுவித் துடைத்து வீட்டு வாசலில் கொண்டுவந்து கொடுத்தான். "டேங்க்யூ அம்மா" என்றானாம்.

"ஏங்க, அந்தப் புள்ளைங்களுக்கு இன்னுமா சாமான் கெடைக்கல?" என்று கேட்டாள்.

இல்லை என்றேன்.

27-11-71, சனி

பேப்பரில் எல்லைச் செய்தியே நிறைகிறது. அந்நியரைத் தங்க வைத்திருப்பதை போலீஸ் ஸ்டேஷனில் எழுதிவைத்திருக்க வேண்டும். மழை, நோன்பு, பெருநாள் என்று விட்டுவிட்டேன். இப்போது போய்ச் சொன்னால், இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்பார்கள்.

போகவில்லை.

1-12-71, புதன்

பேண்டு உடைந்துவிட்டது.

வில்பிரட் சார் ஓடி வந்தார். "பாய், அந்தப் பாட்டை ஏழுல வாசிக்கணுமா நாலுல வாசிக்கணுமான்னு சண்டை. ஏழுல வாசிச்சா ஜனம் ஆடாதுங்கறான் கிடார்க்காரன். ஜனத்துக்காக எண்ணிக்கையை மாத்தமாட்டேங்கறான் மார்ட்டின்."

"எந்த ஜனம் சார்? கேக்கறது நானும் குப்புராஜும்தானே?"

சண்டை எண்ணிக்கையில் இல்லை. சும்மா உட்கார்ந்திருந்ததில்தான். உட்கார வைத்தது யார்? நான்.

மூன்று பேர் பெட்டிகளைக் கீத்திடமே விட்டுவிட்டு டாக்சி பிடித்துப் போய்விட்டார்கள். கீத் மட்டும் இருக்கிறான். வேன் அவனுடையது, ஷாப்டு வரவில்லை. ஒன்றே முக்கால் வருஷம் வாழ்ந்த குழு, என் கோடவுனில் செத்திருக்கிறது.

4-12-71, சனி

பாகிஸ்தானோடு யுத்தம். நேற்று ராத்திரியே ரேடியோவில் சொல்லிவிட்டார்கள். இன்று காலை லாரிகளின் ஹெட்லைட்டில் பாதிக்குக் கறுப்பு பூசிக்கொண்டிருக்கிறார்கள்.

கோடவுனிலிருந்து பார்த்தால் தாம்பரம் விமானப்படைத் தளத்துக்கு இறங்கும் விமானம் தெரியும். உள்ளே ஒரு வெள்ளைக்காரன், ஒயர், பெட்டி, சுவரில் ஒட்டிய காகிதங்கள். கோடவுன் முதலாளி பெயர் அத்தாவுல்லா. நான் யாரென்று இந்தத் தெருவுக்குத் தெரியும். வெளியிலிருந்து வருகிறவனுக்குப் பெயர்தானே முதலில் தெரியும்? ஒரு விசாரணை என்று காகிதத்தில் ஏறினால் போதும், ஏலப் பதிவு போய்விடும். ஏலம் போனால் கடை இல்லை.

ஷாப்டை எடுத்துக் கொடுத்து அனுப்பிவிடலாமா? மாட்டவே இரண்டு நாள் ஆகும். அதோடு, யுத்தம் ஆரம்பித்த மறுநாள் திடீரென்று எங்கிருந்து கிடைத்தது என்பான் கீத். என்ன சொல்வது?

இன்றும் எடுக்கவில்லை.

6-12-71, திங்கள்

வந்துவிட்டார்கள். யார் சொன்னார்களோ. நகரத்திலிருந்து ஓர் அதிகாரி, நம் ஸ்டேஷனிலிருந்து இரண்டு பேர். அதில் ஒருவர் ரத்தினம். மார்கழி பஜனையில் மிருதங்கம் வாசிப்பவர், சைக்கிள் செயின் என்னிடம்தான் வாங்குவார். இன்று என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஒவ்வொரு சாக்காகத் தூக்கினார்கள். தெற்கு மூலைக்கும் வந்தார்கள்.

"இது இன்னா பாய்?"

"கிராங்க் ஷாப்டு."

"எந்த வண்டிக்கு?"

கீத் இரண்டடி தள்ளி நின்றிருந்தான். "லாரிக்கு" என்றேன். சாக்கு மறுபடி மூடியது.

சுவரிலிருந்து மார்ட்டின் எழுதிய காகிதத்தைக் கிழித்துக்கொண்டு போனார்கள். நாளை இரண்டு மணிக்கு நானும் கீத்தும் ஸ்டேஷனுக்கு வர வேண்டும்.

வில்பிரட் சாரைக் கேட்டேன், துணைக்கு வரச்சொல்லி. "பாய், எனக்கு ரெண்டு வருஷத்துல ஹெட்மாஸ்டர் போஸ்ட் வரணும். தப்பா எடுத்துக்காதீங்க" என்றார். கண் கலங்கியிருந்தது. தப்பாக எடுக்கவில்லை. நானாக இருந்தாலும் போயிருக்க மாட்டேன்.

7-12-71, செவ்வாய்

இரண்டு மணிக்கு நானும் கீத்தும் ஸ்டேஷனுக்குப் போனோம்.

கீத்தை வேறு அறையில் உட்கார வைத்தார்கள். அதிகாரி அந்தக் காகிதத்தை மேஜையில் விரித்தார். வரி வரியாக இங்கிலீஷ் எழுத்து, பக்கத்தில் நம்பர்.

"எஃப் லெவன். டி நைன். பி செவன். இதெல்லாம் என்ன? பிளேன் நம்பரா?"

"பாட்டு சார்."

"பாட்டா? ஒரு வார்த்தை இல்லையே. சரி, இதுக்கு பதில் சொல்லும்." காகிதத்தின் தலையில் விரலை வைத்தார். மேலே ஏழு, கீழே நான்கு. "ஏழாம் தேதி, நாலு மணி. இன்னிக்குத் தேதி ஏழு. நாலு மணிக்கு என்ன நடக்கப் போகுது?"

சுவர்க் கடிகாரத்தில் மூன்றரை.

"சத்தியமா எனக்குத் தெரியாது சார்... பாட்டு சார்... தெனம் வாசிப்பானுங்க சார்."

"தினம் கேட்டீரா? அப்போ பாடும்."

பாட எனக்கு வருமா? கைதான் தானாகப் போனது. மேஜை மேல் தட்டினேன். மூன்று, இரண்டு, இரண்டு. மறுபடி மூன்று, இரண்டு, இரண்டு. பயத்தில் நிறுத்தத் தெரியவில்லை. தட்டிக்கொண்டே இருந்தேன்.

கதவருகே நின்ற ரத்தினம் மெதுவாக, "சார்... இது மிஸ்ர சாப்பு" என்றார்.

"என்னய்யா?"

"தாளம் சார். தகிட தகதிமி, தகிட தகதிமி. ஏழு அட்சரம், தலையில இருக்கற ஏழு அதுதான். பாய் கரெக்டா போடறாரு."

அதிகாரி கெட்டிக்காரர். என்னைச் சுவர்ப் பக்கம் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு, கீத்தைக் கொண்டுவந்து காகிதத்தைக் காட்டி வாசிக்கச் சொன்னார். பின்னால் இரண்டு பென்சில் சத்தம் கேட்டது. அதே மூன்று, இரண்டு, இரண்டு. என்னுடையதைவிட நூறு மடங்கு நன்றாக, நடுநடுவே உருட்டலோடு. ரத்தினத்தின் பூட்ஸ் கால் தரையில் சேர்ந்துகொண்டது.

பிறகு அதிகாரி கீத்திடம் என்னைப் பற்றிக் கேட்டார். இங்கிலீஷ்தான், ஆனாலும் அந்தப் பதில் எனக்கு விளங்கியது. "ஹி இஸ் மெண்டிங் மை வேன்." என் வேனைச் சரிசெய்து தருகிறார்.

நாலு மணி அடித்தது. எல்லோரும் கடிகாரத்தைப் பார்த்தோம். ஒன்றும் நடக்கவில்லை. ரத்தினம் டீ சொன்னார்.

காகிதம் அவர்களிடமே இருக்கும். யுத்தம் முடியும்வரை கீத் ஊரைவிட்டு நகரக்கூடாது. என் பெயரை எங்கும் எழுதவில்லை என்று வெளியே வந்து ரத்தினம் சொன்னார். "தாளம் எங்க கத்துக்கினீங்க பாய்?" என்றும் கேட்டார்.

போல்ட்டு எண்ணி, என்றேன்.

13-12-71, திங்கள்

கீத் தினமும் சாயங்காலம் தனியாக மேளம் வாசிக்கிறான். குழல் வர வேண்டிய இடத்தில் சும்மா இருக்கிறான், பிறகு தொடர்கிறான். கடைக்கணக்கு எழுத உட்கார்ந்தால் நானும் அந்த இடத்தில் நிறுத்திவிடுகிறேன்.

17-12-71, வெள்ளி

நேற்று யுத்தம் முடிந்தது. ஜும்மாவில் நல்ல கூட்டம். மனசு மட்டும் லேசாகவில்லை. சாக்கு இன்னும் அங்கேயேதான்.

20-12-71, திங்கள்

போகலாம் என்று ஸ்டேஷனில் சொல்லிவிட்டார்கள். துணைக்கு வரட்டுமா என்று வில்பிரட் சார் அவராகவே கேட்டார். வேண்டாம் என்றேன். இதற்கு நடுவில் ஆள் வைக்கக் கூடாது.

கீத்தைத் தெற்கு மூலைக்கு அழைத்துப் போய்ச் சாக்கைத் தூக்கினேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். "யுவர் வேன். ஃபர்ஸ்ட் டே, ஹியர்."

அவன் ஷாப்டைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தான். "ஐ நோ" என்றான்.

போலீஸ்காரர் சாக்கைத் தூக்கிய அன்றே அவனுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டுதான் மறுநாள் ஸ்டேஷனில் அப்படிச் சொல்லியிருக்கிறான். இருபது வருஷ வியாபாரத்தில் என் முகத்தை எவனும் படித்ததில்லை என்று நினைத்திருந்தேன்.

ஷாப்டுக்குக் காசு வேண்டாம் என்றேன். முடியாது என்று தலையை ஆட்டினான். பெட்டிகளுக்கு மூவாயிரம், நீங்கள் முதலில் கேட்டது, என்று விரலால் காட்டினேன். அதற்குச் சரி என்றான். மறுபடி ஷாப்டைக் காலால் தொட்டு, "ஹவ் மச்?" என்றான்.

"நத்திங்."

"நோ. ஹவ் மச்?"

என் கையால் எதையும் சும்மா வாங்கிக்கொள்ள அவனுக்கு மனமில்லை. நான் அவன் இடத்தில் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். குப்புராஜ் ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டே நின்றான். ஏலத்தில் எடுத்த விலையைச் சொன்னேன்.

முடிந்தது இப்படி: ஆம்ப்ளிஃபயர் பெட்டி நான்கு, மூவாயிரம். அதில் ஷாப்டுக்கு நூற்று நாற்பது கழிவு. குப்புராஜின் இரண்டு நாள் கூலி என் பொறுப்பு. ரொக்கமாக நான் எண்ணிக் கொடுத்தது இரண்டாயிரத்து எண்ணூற்று அறுபது ரூபாய்.