இரண்டு தாளிலும் என் முத்திரை

ஷாம் சுய் போ, ஹாங்காங்
20 நவம்பர் 1968

அன்புத் தம்பி யூ-பங்குக்கு,

பாத்திரக்கடை குவான் அண்ணன் எழுதுவது. மக்காவ் நகரில் வேலை கிடைத்ததா? இங்கே அனைவரும் சுகம். ஊர் அடங்கிவிட்டது, எனாமல் பாத்திரம் நன்றாகவே போகிறது.

சிறையிலிருந்து வந்தவன் தெருப்பக்கம் தலைகாட்டாமல் கப்பலேறிவிட்டாய். உன்னோடு உள்ளே இருந்த மோக் போன வாரம் கடைக்கு வந்தான். அவன் சொல்லித்தான் எனக்கு எல்லாம் தெரியும்.

போன வருஷக் கலவரத்தில் அவசரச் சட்டம் போட்டார்களே, அதை ஆதரித்து ஒரு தாளோடு தெருச் சங்கத் தலைவர் ஹோ வந்தார். கடை முத்திரையைக் குத்தினேன். மறுநாள் அதே சட்டத்தை எதிர்த்து உன் தொழிற்சங்கத் தாளோடு நீ வந்தாய். அதிலும் குத்தினேன். "அண்ணே, படிச்சுட்டுத்தான் குத்துறீங்களா?" என்று கேட்டாய். "கோயில் விழாவுக்குக் கேட்டா படிச்சா பாக்குறோம்? வந்தவன் மொகத்த முறிக்கக் கூடாதுடா" என்றேன்.

ஹோவின் தாள் செய்தித்தாளில் வந்தது. கலவரம் ஓய்ந்த பிறகு சட்டத்தில் பாதியை நிரந்தரமாக்கி, ஊரே ஏற்றுக்கொண்டது என்றார்கள். அந்த ஊரில் நானும் ஒருவன்.

உன் தாள் என்ன ஆனதென்று நான் கேட்கவே இல்லை. போலீஸ் உங்கள் சங்க அலுவலக மாடிப்படி ஏறும்போது அதை நீ வாயில் போட்டு மென்றாயாம். முத்திரை மையின் சிவப்பு உதட்டில் வழிய, இன்ஸ்பெக்டர் தன் ஆட்களைப் பார்த்து, "அதுக்குள்ள எவன்டா இவன அடிச்சது?" என்று கத்தினாராம். விழுந்து விழுந்து சிரித்தேன். தாளை அழித்ததற்குத் தனியாக ஆறு மாதம் என்று மோக் சொன்னதும் சிரிப்பு நின்றுவிட்டது.

அந்தத் தாளில் இருபத்திரண்டு கடைகளின் முத்திரை இருந்தது. பக்கத்துத் தெருத் துணிக்கடைக்காரர் வேறொரு தாளில் சிக்கினார். விசாரணைக்கு அலைந்தே கடையை மூடினார். என் கடை திறந்திருக்கிறது.

உன் கட்சி எனக்கு இன்றும் ஒத்துவராது. அதை மறைக்க மாட்டேன். ஆனால் இரண்டு பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போவது உன்னால். "சட்டிய நூறு தடவ திருப்பிப் பாத்து வாங்குற மனுசன், ஒரு தாள ஒரு தடவ படிக்கலியே" என்று உன் அண்ணி தினமும் குத்துகிறாள். வாங்கிக்கொள்கிறேன். அந்த மை வயிற்றுக்கு ஆகாது என்று வைத்தியர் சொல்கிறார். மருந்துப் பொட்டலம் அனுப்பியிருக்கிறேன், கஞ்சியில் கலந்து குடி.

குளிர்காலத் திருநாள் சாப்பாட்டுக்கு நீ எங்கள் வீட்டுக்கு வர வேண்டும். உள்ளே இருந்து வந்தவர்களைச் சொந்தக்காரர்களே இருட்டிய பிறகு பின்படி வழியாகத்தான் வரச்சொல்கிறார்கள். நீ பகலில் வா. துறைக்கு நானே வருகிறேன். தெரு முழுக்க நடந்து முன்வாசல் வழியாகப் போவோம். ஹோவின் கடையைத் தாண்டித்தான் போக வேண்டும். மெதுவாகவே நடப்போம்.

உடம்பைப் பார்த்துக்கொள். நீ நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும்.

உன் வரவை எதிர்பார்க்கும்,
குவான் சிக்-லாம்