பட்டு மெத்தையும் பொட்டுவின் காலும்

மாமா,

இன்று காலை பொட்டுவின் கூண்டை என் வீட்டு வராந்தாவில் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தேன். நான் கழுவுகிற லட்சணம் உங்களுக்குத் தெரியும். கோயில் யானையைக் குளிப்பாட்டுகிறவன்கூட அவ்வளவு தண்ணீர் கொட்ட மாட்டான். முழங்கை வரை உள்ளே விட்டு மூலைமுடுக்கெல்லாம் தேய்த்து, கையை வெளியே எடுத்துப் பார்த்தால் ஒரு கீறல் இல்லை. அத்தனை கம்பி, அத்தனை ஆணி, ஒரு கீறல் இல்லை. ஈரக் கையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

உங்கள் மகள் கீர்த்தி வேலூரில் காலேஜ் சேர்ந்துவிட்டாள். ஹாஸ்டலில் பெண்களைத்தான் சேர்ப்பார்களாம், கினிப் பன்றிகளைச் சேர்ப்பதில்லையாம். ஆகவே தன் சாம்ராஜ்யம் முழுவதையும் தாய்மாமன் என் தலையில் கட்டிவிட்டுப் போயிருக்கிறாள். ஒரு கூண்டு, ஒரு தண்ணீர் பாட்டில், பின்னங்காலை விந்தி விந்தி நடக்கும் ஒரு கிழவி. பொட்டு இந்த நிமிடம் என் செருப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கொத்தமல்லித் தழை தின்றுகொண்டிருக்கிறாள்.

நான்தானே இவர்களை உங்கள் வீட்டுக்குள் கொண்டுவந்தேன்! கீர்த்தியின் பிறந்தநாளுக்குச் சென்னையிலிருந்து செருப்பு டப்பாவில் வைத்து பொட்டுவையும் இப்போது இல்லாத குண்டுவையும் தூக்கிக்கொண்டு, திக்விஜயம் முடித்த ராஜா மாதிரி உள்ளே நுழைந்தேன். நீங்கள் தறியை நிறுத்திவிட்டு டப்பாவுக்குள் எட்டிப் பார்த்தீர்கள்.

"இன்னா மச்சான் இது?"

"கினி பிக் மாமா! தென் அமெரிக்காவுல ராஜ பரம்பரை. கப்பல் ஏறி வந்துகிது."

"எலிதான?"

"எலி இல்ல மாமா..."

"எலி வந்து பாவ கடிச்சிடப் போவுதுன்னு ராவும் பகலும் பொறி வெச்சிகினு கெடக்கறேன். நீ இன்னாடான்னா காசு குடுத்து, பெருசா பாத்து எலி வாங்கியாந்துகிற."

அக்கா சிரித்த சிரிப்பு முள்ளிப்பட்டு வரை கேட்டிருக்கும். ஆனால் நீங்கள் சொன்னது விளையாட்டில்லை. தறியில் ஓடிக்கொண்டிருந்த பாவு, அந்த நீள இழை அத்தனையும், முதலாளி கொடுத்த பட்டு. அதில் ஒரு பல் பட்டால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். கீர்த்தியோ அதற்குள் இரண்டுக்கும் பெயர் வைத்து மடியில் படுக்க வைத்துவிட்டாள். கூண்டு கட்டியே ஆக வேண்டும். எதற்காக? அதுகளிடமிருந்து பட்டைக் காப்பாற்ற.

தலைமைச் சிற்பி நான். கழித்துப் போட்ட தறிச் சட்டங்கள், கடைத்தெருவில் வாங்கிய கம்பி வலை. புழுக்கை தானாகக் கீழே விழட்டும் என்று தரைக்கும் வலையே அடித்தேன். வேலூர்க் கோட்டைக்குக்கூட இப்படி ஒரு காவல் இருந்ததில்லை என்று அறிவித்தேன். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு உள்பக்கம் விரலை ஓட்டினீர்கள். வெளியே எடுத்தபோது ரத்தம்.

"உன் கோட்டையில மொத வெட்டு எனக்கு," என்றீர்கள். அப்புறம் அந்த வாக்கியம்: "கண்ணு ஏமாத்தும் மச்சான். வெரலு ஏமாத்தாது."

பாவில் எந்த இழை அறுந்தது என்று தடவியே கண்டுபிடிக்கிற விரல். அதை வைத்துக்கொண்டு என் கோட்டையைப் பிரித்து மேய்ந்தீர்கள். வெட்டிய கம்பி முனையையெல்லாம் வெளிப்பக்கம் மடக்கி, மேலே மெல்லிய மரச்சட்டம் அடித்தீர்கள். தரை வலையை எடுத்து என்னைச் செருப்பில்லாமல் அதன்மேல் நிற்கச் சொன்னீர்கள். நின்றேனா, ஆடினேனா என்பதை அக்காவைத்தான் கேட்க வேண்டும். "அதுங்களுக்கும் பாதம்தான?" என்று வழவழப்பான பலகை போட்டீர்கள். அரண்மனைக்கு அடிக்க நான் வாங்கி வந்த தங்க நிற பெயிண்டைப் பார்த்து, "கட்டைய கடிக்கிற ஜீவனுக்கு விஷத்த பூசறியா? ஜல்தியா எடுத்துகினு போயி திருப்பிக் குடு" என்று துரத்தினீர்கள். கொக்கி ஒன்று போதாது, பூனை நெம்பிவிடும் என்று இரண்டாவதாக ஒரு முளை வைத்தீர்கள்.

அதுகளிடமிருந்து பட்டைக் காப்பாற்றத் தொடங்கியவர், முடிக்கும்போது எங்களிடமிருந்து அதுகளைக் காப்பாற்றிக்கொண்டிருந்தீர்கள். எந்த நாளில் மாறினீர்கள் என்று எனக்கும் தெரியவில்லை.

மாறினதால்தான் அந்த மெத்தை. உள்ளே போட்டிருந்த கோணிச் சாக்கு உங்களுக்குச் சொரசொரப்பாகத் தெரிந்தது. தறியடியில் சேர்ந்த கழிவுப் பட்டு நூலை அள்ளி, பஞ்சு போலப் பிரித்து, மூலையில் பரப்பினீர்கள். வேறு ஊர்க்காரனாக இருந்தால் வைக்கோல் போட்டிருப்பான், பேப்பர் கிழித்துப் போட்டிருப்பான். நம் ஊரில் கைக்கு எட்டினதில் மெத்தென்று இருந்தது பட்டுதானே. சக்கரவர்த்திகளுக்கும் வாய்க்காத சயனம் என்று நான் கட்டியம் கூறினேன். நீங்கள் வெட்கப்பட்டுச் சிரித்தீர்கள்.

சில நாளில் பொட்டு கத்தத் தொடங்கினாள். கீர்த்தி பள்ளிக்கூடப் பையைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்து பார்த்தாள். பின்னங்காலில் பட்டிழை சுற்றி இறுகி, பாதம் கத்திரிக்காய் நிறத்தில் வீங்கியிருந்தது. கத்தரி நுழைய இடமில்லை. இழை கண்ணுக்கே தெரியவில்லை. நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு, நகத்தால் தேடி, முனையைப் பிடித்து, ஒவ்வொரு சுற்றாகப் பிரித்தீர்கள்.

கீர்த்தி பொட்டுவைப் பிடுங்கிக்கொண்டாள். "நீ இனிமே கூண்டுல கைய வெக்காதப்பா! உன்னாலதான் இப்டி ஆச்சி!"

கால் தப்பிவிட்டது, ஆனால் விந்தல் போகாது என்றார் மாட்டாஸ்பத்திரி டாக்டர். கீர்த்தியின் கோபம் அந்த வாரத்தைத் தாண்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை உங்கள் முதுகில் சாய்ந்துகொண்டு டிவி பார்த்தாள். நீங்கள்தான் அவள் கத்தினதைக் கோர்ட்டு உத்தரவாக எடுத்துக்கொண்டீர்கள். அவள் வீட்டில் இருக்கும்போது கூண்டுப் பக்கம் போனதே இல்லை. அவள் பள்ளிக்கூடம் போன பிறகு தறியை விட்டு எழுந்து வந்து, உள்ளே விரல் ஓட்டிப் பார்த்து, பிதுங்கின கம்பியை மடக்கி, அதுகள் கடித்துக் கரம்பின பலகையை மாற்றி வைப்பீர்கள். கத்திரி வெயிலில் கூண்டின் மேல் ஈரச் சாக்கு விரித்ததும் நீங்கள்தான். அம்மா விரித்தாள் என்றே அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

நான் உங்களிடம் சொன்னேன் மாமா. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து சொன்னேன். "அவ அத எப்பவோ மறந்துட்டா மாமா. நீங்கதான் மனசுல வெச்சிகினு பேஜார் பண்ணிகினு கீறீங்க."

டீயை ஆற்றிக்கொண்டே சிரித்தீர்கள். "நீ சொல்றதுல பாதிய தள்ளிடணும் மச்சான். மீதி பாதியும் பொய்யாத்தான் இருக்கும்."

நியாயமான தீர்ப்பு. கமண்டல நதியில் முதலை பார்த்தேன் என்று சத்தியம் செய்தவன் நான். என் ஆயுளில் அலங்காரம் இல்லாமல் சொன்ன ஒரே உண்மை அது. அதையும் முதலையோடு சேர்த்துத் தள்ளிவிட்டீர்கள். இன்னொரு நாள் நிதானமாகச் சொல்லலாம், அவளையே சொல்ல வைக்கலாம் என்றிருந்தேன். அதற்குள் ஒரு நாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தறியிலிருந்து எழுந்தீர்கள். அன்றைக்குச் சாயங்காலம் நீங்கள் இல்லை. தறியில் இருந்த சேலை பாதியில் நின்றது.

போன வாரம் கூண்டை ஒப்படைக்க வந்தவளிடம் கேட்டேன்.

"அப்பாவ கைய வெக்காதன்னு ஒரு நாள் கத்தினியே, ஞாபகம் இருக்குதா?"

"நானா? அப்பாவையா? எப்போ மாமா?"

பொட்டுவின் கால் கதையைச் சொன்னேன். நூல் சுற்றிக்கொண்டது ஞாபகம் இருந்தது. கத்தினது இல்லை.

"அப்பா ஏன் பொட்டுவ தூக்கவே மாட்டாருன்னு நெனப்பேன் மாமா. அவருக்கு எலின்னாலே புடிக்காதுன்னு நெனச்சிகினு இருந்தேன்."

அவள் கையைப் பிடித்து, கண்ணை மூடச் சொல்லி, கூண்டுக்குள் விட்டேன். ஓரமாக விரலை ஓட்டிக்கொண்டே ஒரு சுற்று வந்தாள். இன்னொரு சுற்றும் வந்தாள். கையை வெளியே எடுக்க அவளுக்கு மனமில்லை. வேலூர் பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில்தான் போனாள்.

கூண்டு காய்ந்துவிட்டது. பலகையின் ஒரு மூலையைப் பொட்டு கரம்பியிருக்கிறாள், மரச் சிலாம்பு நீட்டிக்கொண்டு நிற்கிறது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். கண்ணுக்கு வழவழவென்று இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு விரலை ஓட்டினால் இன்னும் குத்தியது. மறுபடியும் தேய்த்தேன். இப்போதெல்லாம் எதைத் தொட்டாலும் இப்படித்தான். நாற்காலி, கதவு, கடையில் வாங்கும் தட்டு. விரல் தானாக ஓரத்துக்குப் போகிறது. அக்கா பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

பொட்டுவை உள்ளே விடப் போகிறேன். அதற்கு முன்னால் ஒன்று. கீர்த்திக்கு அன்று கத்தினது ஞாபகமே இல்லை மாமா. இதில் பாதியைத் தள்ளிவிடாதீர்கள்.