இடது பக்கத்து வரிசை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் எல்லோரும் சுகம், அங்கே நீயும் சுகமாக இருக்க வேண்டும் என்று எழுதிவிட்டுத் திரும்பப் படித்தால் முதல் பாதி எனக்கே பொய்யாகப் படுகிறது, இருந்தாலும் அடிக்க மனம் வரவில்லை, அப்படியே இருக்கட்டும். உடம்புக்கு யாருக்கும் ஒன்றும் இல்லை, பதறாதே. அக்கா வீட்டில் நலம், அவள் மகளுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன, அதைக் காட்டுவதற்காகவே போகிற வருகிறவர்களைப் பார்த்தெல்லாம் சிரிக்கிறாள். துணி துவைக்கும் மெஷின் மறுபடி ஒழுகுகிறது, நான் சரி செய்கிறேன் என்று திறந்ததில் ஒரு திருகாணி மிச்சமாகிவிட்டது, அதை உன் அம்மாவிடம் சொல்லவில்லை. கடையில் கண்ணாடி வாங்க வருகிறவர்களைவிட அவளைப் பற்றித் துருவ வருகிறவர்கள்தான் இப்போது அதிகம். நேற்று ஒருவர் கடையில் இருக்கும் பிரேம் அத்தனையும் மாட்டிப் பார்த்துவிட்டு, "அப்ப நகரசபைத் தலைவியம்மாவுக்குப் பதவி போயிடுமா சார்" என்று கேட்டார், நான் தெரியாது என்றதும் ஒன்றும் வாங்காமல் இறங்கிப் போய்விட்டார். இதையெல்லாம் போனில் சொல்லக்கூடாதா என்பாய். அவளைப் பற்றி நான் வீட்டின் எந்த மூலையில் நின்று பேசினாலும் அவளுக்கு மூக்கில் வேர்த்துவிடும், அதனால்தான் கடைக் கல்லாவில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீ அம்மாவோடு பேசி இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிறது. எனக்கு மட்டும் இரண்டு வரி செய்தி அனுப்புகிறாய், அதில் ஒரு வரி நான் சாப்பிட்டேனா என்பது. உன் மனத்தாங்கல் என்னவென்று அக்கா எனக்கு மட்டும் சொன்னாள். என்னை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள் அம்மா என்று நீ அழுதுகொண்டு சொன்னாய், அவள் "நல்லது, ரொம்ப நல்லது, உடம்பப் பாத்துக்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். அவ்வளவு தூரம் போகாதே என்று அவள் அன்று தடுத்ததை மனதில் வைத்துக்கொண்டு இப்போது குத்திக்காட்டுகிறாள் என்று நீ நினைத்துவிட்டாய். நானும் உன் இடத்தில் இருந்தால் அப்படித்தான் நினைத்திருப்பேன். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன், முதலில் நகரசபைக் கதையைக் கேள், இரண்டும் ஒரே கதைதான்.

போன மாதம் உறுப்பினர்கள் ஒன்பது பேர் கையெழுத்துப் போட்டு ஒரு மனுக் கொடுத்தார்கள். தலைவி எங்களை மதிப்பதில்லை, கேட்ட கேள்விக்குப் பதில் தருவதில்லை, மேட்டுத் தெருக்காரர்களுக்கு மட்டும் எல்லாம் நடக்கிறது, ஆகவே சிறப்புக் கூட்டம் போட்டு அவரைக் கேள்வி கேட்க வேண்டும், பதில் திருப்தியாக இல்லை என்றால் ஓட்டெடுப்பு நடத்தி வேறு ஆளைத் தலைவராக்க வேண்டும் என்று அதில் இருந்தது. முதல் கையெழுத்து நம் பல் டாக்டர். உனக்குச் சின்ன வயதில் பல் பிடுங்கினவர், நீ அவர் விரலைக் கடித்தாய், அந்தக் கோபத்தை இப்போது உன் அம்மாவிடம் காட்டுகிறாரோ என்று முதலில் வேடிக்கையாகத்தான் நினைத்தேன். கடைசிக் கையெழுத்து பள்ளத் தெருவில் தையல் கடை வைத்திருக்கிறாளே, அந்த அம்மா. அவள் பெயரைப் பார்த்ததும்தான் இது வேடிக்கை இல்லை என்று எனக்குப் புரிந்தது, ஏனென்றால் அவள் வம்புக்குப் போகிறவள் இல்லை. போன மழையில் அவள் கடைக்குள் முழங்கால் அளவு சாக்கடைத் தண்ணீர் ஏறி, தைத்து அடுக்கி வைத்திருந்த பள்ளிக்கூடச் சீருடையெல்லாம் நாசமாகிவிட்டது. புதுச் சாக்கடைக் குழாயைப் பள்ளத்து முனையிலிருந்து பதித்துக்கொண்டு வாருங்கள், மேட்டிலிருந்து தொடங்கினால் எல்லாத் தண்ணீரும் எங்கள் தலையில்தான் கொட்டும் என்று அந்த மழைக்கு முன்பே அவள் மூன்று கூட்டத்தில் எழுந்து சொல்லியிருக்கிறாள். மூன்று தடவையும் உன் அம்மா நேரே பார்த்து "ஆட்சேபணை உண்டா" என்று கேட்டாள், வலது பக்கம் திரும்பினாள், மேசை மணியைத் தட்டினாள், தீர்மானம் நிறைவேறிவிட்டது. வேலையும் மேட்டிலிருந்தே தொடங்கிவிட்டது.

ஒன்பது பேரும் இடது பக்கத்து வரிசையில் உட்காருகிறவர்கள். இது யாருக்கும் உறைக்கவில்லை. வார்டு எண்படிதான் அங்கே நாற்காலி போட்டிருக்கிறார்கள், பள்ளத்துத் தெருக்கள் எல்லாம் இடது பக்கம், மேட்டுத் தெருக்கள் வலது பக்கம், அதனால் ஓரவஞ்சனை என்று பேச்சாகிவிட்டது. எனக்கு மட்டும் தெரியும். உன் அம்மாவுக்கு இடது காது கேட்கவில்லை. போன வருடம் அந்தக் காய்ச்சல் வந்து போனதிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக அடைத்து, இப்போது அந்தப் பக்கம் கதவு சாத்தின மாதிரி. வலது காது பாம்புச் செவி, அதில் குறையே இல்லை, அடுத்த தெருவில் நான் யாருடன் வம்பளந்தாலும் தெரிந்துகொள்கிறாள். தெருவில் நடக்கும்போது நான் அவளுக்கு வலது பக்கமாகப் போய்விடுவேன், சாப்பாட்டு மேசையில் என் நாற்காலியை இடம் மாற்றிப் போட்டாயிற்று, படுக்கையிலும் பக்கம் மாறிவிட்டோம். டாக்டரிடம் போகலாம் என்றால் "எனக்கென்ன கேடு" என்பாள். ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிடுகிறவன் நான், கண்ணுக்குக் கண்ணாடி மாதிரிதான் காதுக்கு ஒரு கருவி என்று நயமாகச் சொல்லிப் பார்த்தேன், இரண்டு நாள் சோற்றை டொக்கென்று தட்டில் வைத்தாள். வயசாகிவிட்டது, வீட்டில் உட்காரட்டும் என்று தேர்தலிலேயே பேசினார்கள் அல்லவா, அதுதான் அவள் மனதில் ஆணியாக இருக்கிறது. "செவிட்டுத் தலைவின்னு பேரு வாங்கணுமா நான்" என்று ஒருநாள் கேட்டாள், கேட்கும்போதே கண் கலங்கிவிட்டது. யாரிடமும், பிள்ளைகளிடமும்கூட, சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிவிட்டாள். கூட்ட அரங்கில் மைக் கெட்டுப்போய்க் கிடக்கிறது, புதிது வாங்கலாம் என்று செயலாளர் மூன்று முறை கேட்டும் முதலில் குழாய், பிறகு மைக் என்று இவளே தள்ளிப்போட்டாள். பார், அவள் மறுத்த மைக் இருந்திருந்தால் அவள் மானம் தப்பியிருக்கும், அவ்வளவு நல்ல மூளை வீட்டுக்குள் இருக்கிறது நமக்கு.

இப்போது உனக்குப் புரிந்திருக்கும். போனை அன்று அவள் இடது கையில் பிடித்திருந்தாள், வலது கையில் நகரசபைக் காகிதங்கள் இருந்தன. நீ சொன்னதில் ஒரு சொல்லும் அவளுக்கு விழவில்லை. விழாதபோதெல்லாம் அவள் நல்லது என்பாள், அந்தச் சொல் யாருக்கும் பொருந்தும் என்று அவள் கணக்கு. நான் சத்தியத்துக்குக் கட்டுப்பட்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன். இப்போது அது தெருவுக்கே வந்துவிட்டது, வந்த விதத்தைத்தான் எழுத வேண்டும்.

செவ்வாய்க்கிழமை சிறப்புக் கூட்டம். காலையிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை, ஒருவருக்குக் கிட்டப்பார்வைக்குப் பதில் தூரப்பார்வைக் கண்ணாடியைக் கொடுத்தனுப்பிவிட்டேன், அவர் படியில் தடுக்கித் திரும்பி வந்தார். கடையை அடைத்துவிட்டுப் போய்ப் பொதுமக்கள் பெஞ்சில் உட்கார்ந்தேன். மேடையில் அவள் விறைப்பாக உட்கார்ந்திருந்தாள், பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியையாக இருந்த நாளில் உட்காருவாளே, அதே மாதிரி. வலது பக்கத்தார் கேட்டதற்கெல்லாம் பட்டுப் பட்டென்று பதில் சொன்னாள். பல் டாக்டர் எழுந்தபோது அவருடைய உதட்டையே பார்த்துச் சமாளித்தாள், அவர் குரலும் கணீரென்று இருக்கும். பிறகு தையல்கார அம்மா எழுந்தாள். அவளுக்கு மெல்லிய குரல், அதிலும் அழுகையை அடக்கிக்கொண்டு பேசினாள். "எங்க தெரு மூழ்கும்னு நான் மூணு தடவை சொன்னேம்மா. நீங்க ஏன் ஒரு தடவைகூடத் திரும்பிப் பாக்கலை" என்றாள். உன் அம்மா அடுத்த காகிதத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். தையல்காரி மறுபடி கேட்டாள். இவள் நிமிர்ந்து, நேரே பார்த்து, லேசாகச் சிரித்து, "நல்லது" என்றாள்.

அரங்கத்தில் கிளம்பிய கூச்சலைக் கேட்க வேண்டுமே. ஒருவர் மேசையை அடித்தார், வலது பக்கத்தாரும் முணுமுணுத்தார்கள். தையல்காரி முகத்தில் ஈயாடவில்லை. உன் அம்மா மட்டும் என்ன நடந்தது என்று தெரியாமல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள். முப்பது வருடம் பிள்ளைகளிடம் கேள்வி கேட்ட முகம் அது, அந்த முகத்தில் அப்படி ஒரு திகைப்பை நான் கண்டதே இல்லை. எனக்குத் தாங்கவில்லை மகளே. எழுந்து நின்றுவிட்டேன். பொதுமக்கள் பேசக்கூடாது என்று சுவரிலேயே எழுதிப் போட்டிருக்கிறது. நான் கத்தினேன், "பள்ளத் தெருவுல தண்ணி வரும்னு மூணு தடவை சொன்னாங்களாம், நீ ஏன் திரும்பிப் பாக்கலைன்னு கேக்கறாங்க" என்று. செயலாளர் என்னை உட்காரச் சொன்னார். உன் அம்மா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையைத் தாளில் எழுத முடியாது, கல்யாணத்துக்கு முன்னாலேயே அதைப் பார்த்திருந்தால் நான் ஊரைவிட்டே ஓடியிருப்பேன்.

மணியை எடுத்துத் தள்ளி வைத்தாள். எழுந்து மேடையிலிருந்து இறங்கினாள், ஒரு கையால் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினாள். நேரே இடது பக்கத்து வரிசைக்குப் போய்த் தையல்கார அம்மாவுக்கு முன்னால் நின்றாள். "எனக்கு இந்தக் காது கேக்கலைம்மா. ஒரு வருஷமா கேக்கலை. நீங்க சொன்னது எதுவுமே எனக்கு விழலை. இப்பச் சொல்லுங்க" என்று சொல்லி, அத்தனை பேர் முன்னாலும் வலது காதுக்குப் பின்னால் கையைக் குவித்துக்கொண்டு குனிந்தாள். ஒரு வருடமாக அந்தக் கையைக் காதுக்குப் பக்கத்தில் கொண்டுபோகாமல் என்ன பாடுபட்டாள் என்று எனக்குத்தான் தெரியும். தையல்காரி அந்தக் காதின் பக்கம் நகர்ந்து நின்றாள். பிறகு மெதுவாக, குழாய், மழை, துணி என்று எல்லாவற்றையும் சொன்னாள். இவள் நடுவில் ஒன்றும் பேசாமல் கேட்டாள். கடைசியில் "தப்பு என்னோடதுதான்" என்றாள். எனக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியதாகிவிட்டது.

இத்தோடு எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நினைத்துவிடாதே. பல் டாக்டர் எழுந்து, "மேடம், காது கேக்கலைங்கறது குத்தமில்ல. அத எங்ககிட்ட மறைச்சீங்களே, அந்த ஒரு வருஷத்துக்கு யார் பொறுப்பு" என்று கேட்டார். அந்த ஆள் மேல் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது, ஆனால் அவர் கேட்டது நியாயம் என்பதுதான் அதைவிட எரிச்சல். மனுவைத் திரும்பப் பெறவில்லை. வருகிற வியாழக்கிழமை ஓட்டெடுப்பு. யார் எந்தப் பக்கம் என்று சொல்ல முடியவில்லை, வலது பக்கத்திலும் சிலர் முகம் மாறியிருக்கிறது. தையல்காரியும் என்ன செய்வாளோ, நேற்று கடைப்பக்கம் வந்தவள் உன் அம்மா எப்படி இருக்கிறாள் என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனாள். பள்ளத்து முனையில் குழாய் வேலையை உடனே தொடங்கச் சொல்லி உன் அம்மா மறுநாள் காலையிலேயே உத்தரவு போட்டுவிட்டாள், பதவிக்காகச் செய்கிறாள் என்று அதற்கும் ஒரு பேச்சு. எனக்குத் தூக்கம் இல்லை. அவளுக்குப் பதவி போனால் போகட்டும் என்று வாய் சொல்கிறது, வீட்டில் அவள் சும்மா உட்கார்ந்திருப்பதை நினைத்தால் மனம் ஒப்ப மறுக்கிறது.

என்னோடு இரண்டு நாள் பேச்சு வார்த்தை இல்லை. நான் சத்தியத்தை மீறியவன் அல்லவா. காப்பி மேசைக்கு வந்தது, கூட ஒரு சொல்லும் வரவில்லை. எந்தக் காதின் பக்கம் போய்ப் பேசினாலும் கேட்காதவள் மாதிரி இருந்தாள். நேற்று சாயங்காலம் நான் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தபோது நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து, வலது காது என் பக்கம் வரும்படி தானே பார்த்து உட்கார்ந்தாள். டாக்டரிடம் திங்கட்கிழமைக்குச் சொல்லி வைத்திருக்கிறேன், நீங்களும் வரவேண்டும் என்றாள். வருகிறேன் என்றேன். என் கையிலிருந்த பேப்பரை வாங்கி மடித்து வைத்தாள். நகரசபையைப் பற்றி ஏதோ கேட்கப்போகிறாள் என்று நினைத்தேன். "சின்னவ கடைசியாப் பேசினப்ப என்னமோ சொன்னா. குரல் ஒரு மாதிரி இருந்துச்சு. நான் நல்லதுன்னு சொல்லி வச்சிட்டேன். அவ என்னங்க சொன்னா?" என்று கேட்டாள்.

எனக்கு எல்லாம் தெரிந்தும் நான் சொல்லவில்லை. அது உன் வாயால் அவள் கேட்க வேண்டியது. இவ்வளவு நாளாக நீயும் அந்த இடது பக்கத்து வரிசையில்தான் உட்கார்ந்திருந்தாய், இப்போது அவள் இறங்கி வந்து உன் முன்னால் நிற்கிறாள். கோபம் இருந்தால் அதையும் சேர்த்தே சொல், அவள் கேட்டுக்கொள்வாள்.

வேலை போனதற்காக மனதை விட்டுவிடாதே, கிடைத்தது போதும் என்று அவசரப்பட்டு எதிலும் போய் மாட்டிக்கொள்ளாதே. நேரத்துக்குச் சாப்பிடு. கைக்கு முடை என்றால் அப்பாவிடம் கேட்க வெட்கம் வேண்டாம். நீயும் உன்னைச் சேர்ந்தவர்களும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும், வேறென்ன வேண்டும் எனக்கு. வியாழக்கிழமை என்ன ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளுக்குப் போன் செய். மறந்துவிடாதே. எடுத்ததும் பேசிவிடாமல் கொஞ்சம் பொறு, அவள் போனைக் கை மாற்றிக்கொள்ளட்டும்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
உன் அப்பா