பறவைத் தீவுக்கு ஒரு மனு

அன்பு மைத்துனனுக்கு,

"அத்தான், பறவைத் தீவுல இறங்கினதும் முதல்ல எதைப் படம் எடுப்பீங்க?" என்று ஒருமுறை கேட்டாய். குஞ்சுக்கு இரை ஊட்டும் தாயை என்றேன். அதற்கும் பதினோரு வருடம் ஆகிவிட்டது.

மூடிக் கிடந்த தீவை இப்போதுதான் திறக்கிறார்கள். ஆனால் அறுபத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்கு அனுமதி இல்லையாம். நான் தாண்டிவிட்டேன்; உனக்கு அறுபத்து நாலுதான். "பிறந்த தேதியைக் கொஞ்சம் மாத்திப் போடுங்க அத்தான், எவன் பாக்கப் போறான்?" என்கிறாய். முப்பது வருடம் பிள்ளைகளின் சான்றிதழில் தேதி சரிபார்த்தவனிடம் சொல்கிற யோசனையா இது?

"நீங்க வரலைன்னா நானும் போகல" என்று போனை வைத்துவிட்டாய். ஒரு மாணவனுக்குக் காய்ச்சல் என்றால் பக்கத்து பெஞ்சுக்காரனும் தேர்வு எழுதக் கூடாதா? உன்னோடு வாதாட எனக்குத் தெம்பில்லை.

போன மாதம் ஏரியில் நான் எடுத்த படங்கள் எல்லாம் ஆடிக் கலங்கியிருந்தன. கேமரா ஸ்டாண்டின் திருகு லூஸ் என்று உன்னிடம் சொன்னேன். திருகு நன்றாகத்தான் இருக்கிறது. இந்தக் கடிதத்தைக்கூட நான் சொல்லச் சொல்ல உன் அக்காதான் எழுதுகிறாள்.

என் பெரிய லென்ஸைப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். திருப்பித் தர வேண்டாம். வெள்ளிக்கிழமையோடு மனு வாங்குவதை நிறுத்திவிடுவார்கள். நாளைக்கே உன் பெயரை மட்டும் எழுதி அனுப்பு.

உன் அத்தான்