வருக்கைப் பலாவில் ஏறிய கொடி

மைனி,

காலையிலிருந்து மணிக்கட்டில் ஒரே அரிப்பு. கொல்லயில் ஊரிலுள்ள உங்கள் வீட்டு வேலியில் படர்ந்திருந்த மணிபிளான்டை அறுத்தபோது அதன் நீர் பட்டுவிட்டது. தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தேன். முழங்கை வரை தடித்துச் சிவந்த கைகளோடு நீங்கள் இதே படியில் இருந்த நாள் நினைவுக்கு வந்தது.

அந்தக் கொடி என் அண்ணன், உங்கள் வீட்டுக்காரர், வைத்தது. டி.வி. மேல் கண்ணாடிப் போத்தலில் இரண்டு இலையோடு நின்றதை எடுத்துப்போய், வேலியோர வருக்கைப் பலாவின் மூட்டில், அடிமரத்தை ஒட்டி நட்டார். அவர் இருந்தவரை கத்தரித்துக்கொண்டே இருந்தார். அவர் இறந்த பிறகு ஒரு வருடம் நீங்கள் முற்றத்துக்கே இறங்கவில்லை. போத்தலில் வெற்றிலை அளவாயிருந்த இலை, மரத்தில் ஏறியதும் சேம்பிலை போல விரிந்து கிழிந்து தொங்கியது. பலாமரம் கண்ணுக்கே தெரியவில்லை. அந்த வருடம் ஒரு பலாச்சக்கைகூடக் காய்க்கவில்லை.

அண்ணனின் வருஷ ஜெபம் முடிந்த அன்று, மார்த்தாண்டத்திலிருந்து வந்திருந்த உங்கள் மூத்த அண்ணன் சொன்னார்: "வீட்ட பூட்டிட்டு அங்க வா. ஒத்தைக்கு இங்க இருந்து என்ன செய்யப்போற? மரமும் பட்டுப்போச்சு, அதையும் வித்திரலாம். ஞாயிற்றுக்கிழமை வாறேன், துணியெல்லாம் எடுத்து வை."

அவர் சொல்வதுதான் சரி என்று எல்லாருக்கும் பட்டது. எனக்கும்தான்.

மறுநாள் நான் வந்தபோது மரத்தடியில் வெட்டோத்திக் கத்தியோடு நின்றீர்கள்.

"மைனி, அது அண்ணன் வச்ச கொடியில்லியா?"

"வச்ச ஆளு போயாச்சு மக்கா. கொடி மரத்தையும் கொண்டு போகணுமா? கீறிப் பாத்தேன், உள்ள பச்சையாக்கும். பிலாவுக்கு சீவன் உண்டு."

நம் இரண்டு பேருக்கும் அந்த வேலை தெரியாது. கொடியைப் பிடித்து இழுத்தோம். பட்டையும் சேர்ந்து உரிந்து பால் வழிந்தது. நீங்கள் பதறிப்போய் அந்த இடத்தை உள்ளங்கையால் பொத்தினீர்கள். "பச்சையில இழுக்கண்டாம். மூட்டுல அறுத்து விடுவோம். மேல உள்ளது தானா உணங்கிக் காயட்டு."

ஒவ்வொரு தண்டிலும் ஒரு முழம் வெட்டியெடுத்தோம். வேரைத் தோண்டினோம். கீழே விழுந்த துண்டெல்லாம் முளைத்துவிடும் என்று பொறுக்கிச் சாக்கில் கட்டினோம். இடையில் ஒருமுறை தண்டைப் பிடித்தபடியே நின்று அழுதீர்கள். நான் மரத்தின் மறுபக்கம் போய்ப் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் அண்ணன் வந்தார். தடித்த கைகளோடு படியில் இருந்த உங்களிடம், "துணி எடுத்து வச்சியா?" என்றார்.

"இல்லண்ணா. கொடி உணங்க மாசக்கணக்காவும். அத எடுக்க ஆளு வேண்டாமா? நான் இங்கதான் இருப்பேன்."

அவர் மரத்தை அண்ணாந்து பார்த்தார். பிறகு, "சாயா உண்டா?" என்று கேட்டுவிட்டு உங்கள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

மேலே சில கொடிகள் பட்டையில் வேர்விட்டு நெடுநாள் பச்சையாகவே நின்றன. ஏணி வைத்து அவற்றையும் எடுத்தோம். அதற்கடுத்த வருடம் அடிமரத்தில் பிஞ்சு வந்தபோது போனில் "வா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டீர்கள். என்னவோ ஏதோ என்று நான் இருக்கும் குன்னத்துகாலிலிருந்து பஸ் ஏறி ஓடி வந்தேன். பழுத்த பிறகு முதல் பழத்தை உங்கள் அண்ணனுக்குத்தான் கொடுத்துவிட்டீர்கள்.

கடைசிவரை இந்த வீட்டில்தான் இருந்தீர்கள். இப்போது சாவி என்னிடம். வீட்டை என்ன செய்வதென்று பெங்களூரிலிருக்கும் உங்கள் மகன் இன்னும் தீர்மானிக்கவில்லை. நானும் அவசரப்படுத்தவில்லை. சனிக்கிழமைதோறும் வந்து வேலியில் மறுபடி ஏறும் கொடியை அறுத்துவிட்டுப் போகிறேன். சத்தம் கேட்டு, பக்கத்து வீட்டு மலையாளச் சேச்சி வேலிக்கப்பாலிருந்து, அங்கே ஆள் இருக்கிறதா என்று கேட்பார்: "அவிடெ ஆளுண்டோ?"

"உண்டு" என்கிறேன், மைனி.