வெள்ளிக்கிழமைக் கடைசிப் பீரியட்

ஏற்காடு
மார்ச் 1986

அன்புள்ள தங்கச்சிக்கு,

நீ பதில் போடமாட்டாய் என்று தெரிந்தும் எழுதுகிறேன். காப்பி பூத்துவிட்டது.

பள்ளிக்கூடத்தில் என் வெள்ளிக்கிழமைக் கடைசிப் பீரியடைப் பறித்துவிட்டார்கள். அதில், சண்டை போட்ட இரண்டு பிள்ளைகளை ஒரே பெஞ்சில் உட்கார வைப்பேன். ஒருவர் மற்றவருடைய வருத்தத்தைச் சொல்ல வேண்டும். அந்த மற்றவர் "ஆமா" என்று சொல்லும்வரை விடமாட்டேன்.

"ஏனுங்க டீச்சர், அடுத்த மாசம் நீங்க ரிட்டயர்டு. அப்புறம் யாருங்க நடத்துவாங்க? அந்தப் பீரியடக் கணக்குப் பாடத்துக்குக் குடுத்துட்டேனுங்க" என்றார் புது ஹெட்மாஸ்டர். மற்ற டீச்சர்களுக்குப் பழக்கிவிடுகிறேன், எல்லா வகுப்புக்கும் வையுங்கள் என்று கெஞ்சினேன். சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

நேற்று வெள்ளிக்கிழமை, கடைசி மணி அடித்தும் என் வகுப்பு ஜெசிந்தாவும் மல்லிகாவும் போகாமல் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். வாழவந்தி ஊருக்குப் போகும் பஸ்ஸில் ஜெசிந்தாவுக்கு மல்லிகா இடம் பிடித்து வைக்காத சண்டை.

"உன்னப் பாத்தும் பாக்காத மாதிரி உக்காந்திருந்தேன். அதுதான் உனக்கு நொம்ப வருத்தம்" என்றாள் மல்லிகா.

ஜெசிந்தா அழுதுகொண்டே "ஆமா" என்றாள். அவர்களை யாரும் உட்காரச் சொல்லவில்லை.

அவர்கள் போனதும் அதே பெஞ்சில் உட்கார்ந்து உன் வருத்தத்தைச் சொன்னேன். அம்மா படுக்கையில் கிடந்த நாளெல்லாம் நீதான் மலமூத்திரம் அள்ளிக் கொட்டினாய். கடைசியில் அவள் கூப்பிட்டது என் பெயரை.

சொல்லிவிட்டு, பெஞ்சில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து காத்திருந்தேன்.

உன் அக்கா