பம்ப் நின்ற பிறகும் கேட்ட சத்தம்

அன்புள்ள பாய்,

இன்று மதியம் தேக்கா உணவங்காடியில் தே தாரிக் தேநீர் வாங்க வரிசையில் நின்றேன். கடைக்காரர் குவளையைத் தலைக்கு மேல் தூக்கி ஊற்றினார். நுரை பொங்கிக்கொண்டு வந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பின்னால் நின்ற ஓர் அம்மாள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். இதே மாதிரி ஊற்றி ஒரு முழு நாள் வேலையைக் கெடுத்த மனிதர் ஒருவர் எனக்கு இருந்தார் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

நினைவிருக்கிறதா? செயற்கை இதய வால்வுகளைச் சோதிக்கும் நம் ஆய்வுக்கூடத்தில் நாம் இருவரும் சேர்ந்து செய்த முதல் வேலை அது. கிளிசரினையும் தண்ணீரையும் ரத்தத்தின் பதத்துக்குக் கலந்து, வால்வு பொருத்திய கண்ணாடி போன்ற பெட்டிக்குள் ஓடவிட வேண்டும். இதயத்துக்குப் பதிலாகப் பம்ப் துடிக்கும். பெட்டியும் பம்பும் உங்கள் பொறுப்பு. அதற்குள் லேசர் ஒளியைப் பாய்ச்சி, திரவத்தில் மிதக்கும் பொடித் துகள்களின் ஓட்டத்தைக் கேமராவில் பிடித்து, எந்த இடத்தில் எவ்வளவு உரசல் விழுகிறது என்று கணக்கிடுவது என் பொறுப்பு. உரசல் அளவுக்கு மீறினால் ரத்த அணுக்கள் சிதையும், ரத்தம் கட்டும். நீங்களோ அந்தக் கலவையைத் தே தாரிக் கடைக்காரர் போலக் கையை உயர்த்தி ஊற்றினீர்கள். லேசரைப் போட்டதும் பெட்டி முழுக்கக் குமிழிகள் தீபாவளி விளக்கு மாதிரி மின்னின. அவை அடங்கும்வரை கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தோம். "அடுத்த தடவை சீனி கம்மியாப் போடறேன் மேடம்" என்றீர்கள். கோபப்பட்டுக்கொண்டிருந்த நான் எங்கே போய் முட்டிக்கொள்வது?

உங்களிடம் எனக்குப் புரியாத பழக்கங்கள் இருந்தன. திருகாணி முறுக்கக்கூடக் கையுறை மாட்டுவீர்கள். சின்னக் கீறலுக்கும் பஞ்சைத் தேடி ஓடுவீர்கள். மதியச் சாப்பாட்டில் கீரை வந்தால் ஒரு கரண்டிக்கு மேல் தொடமாட்டீர்கள். பயந்தாங்கொள்ளி என்றும், குழந்தை மாதிரி கீரைக்கு முகம் சுளிக்கிறீர்கள் என்றும் வாய்க்கு வந்தபடி கேலி செய்தேன். நீங்கள் சிரித்துக்கொண்டே சாப்பிட்டீர்கள்.

பிறகு அந்த ஒலிவாங்கி விவகாரம். வால்வு மூடும் சத்தத்தையும் பதிவு செய்யலாம் என்று மேசையோடு சேர்த்து ஒன்றை ஒட்டினோம். பம்பின் துடிப்போடு வரும் 'டிக்' சரியாகப் பதிவானது. ஆனால் அதற்கு நடுவே, பம்புக்குச் சம்பந்தமே இல்லாமல், இன்னொரு சின்ன 'டிக்' வந்துகொண்டிருந்தது. எந்தத் திருகாணியோ தளர்ந்திருக்கிறது என்று நீங்கள் பெட்டியை அக்கக்காகக் கழற்றி மாட்டினீர்கள். நான் குளிர்சாதனத்தைத் திட்டினேன், பக்கத்துக் கட்டுமான வேலையைத் திட்டினேன். வெள்ளிக்கிழமை நீங்கள் ஜும்மாவுக்குக் கிளம்பிப் போன நேரத்தில் அந்தச் சத்தமும் காணாமல் போனது. ஒருவழியாகச் சரியாகிவிட்டது என்று நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். நீங்கள் திரும்பி வந்து மேசைமேல் சாய்ந்ததும் அது மறுபடி வந்தது.

எரிச்சலில் பம்பை நிறுத்தினேன். அறை அமைதியானது. திரையில் மட்டும் அந்தச் சின்ன முனைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டேயிருந்தன. நீங்கள் திரையைப் பார்த்தீர்கள். பிறகு மெல்ல மேசையிலிருந்து நெஞ்சை எடுத்தீர்கள். கோடு நேரானது.

"மேடம், அது நான்தான் லா" என்றீர்கள்.

எத்தனையோ வருடமாக அந்தச் சத்தத்தோடு இருந்து, அது காதில் விழுவதே உங்களுக்கு நின்றுபோயிருந்தது. சட்டைப் பொத்தானைத் திறந்து தழும்பின் மேல்நுனியைக் காட்டினீர்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் கீறலுக்கும் கீரைக்கும் ஏன் பயந்தார் என்று அப்போதுதான் புரிந்தது; கீரை அந்த மாத்திரையின் வேலையைக் கெடுக்குமாம். கடைசியாகத்தான் பெட்டிக்குள் இருந்த வால்வைக் கைகாட்டி, உங்கள் நெஞ்சுக்குள் இருப்பதும் இதே மாதிரிதான் என்று சாதாரணமாகச் சொன்னீர்கள்.

வால்வின் இதழ்கள் சுழலும் கீல் பக்கத்தில் உரசல் எவ்வளவு என்பதைத்தான் அடுத்த வாரம் அளக்கப்போகிறோம். அளந்து, மோசமாக வந்தால்? இந்த வேலையை வேறு யாரிடமாவது கொடுத்துவிடுகிறேன் என்றேன். நீங்கள் ஒத்துக்கொள்ளவில்லை.

"வேற யாரும் வேணாம். நீங்க அளந்தாத்தான் எனக்கு நம்பிக்கை. எனக்காக ஒரு புள்ளியையும் குறைச்சுடாதீங்க. உள்ள இருக்கறது எப்படியும் இருக்கத்தான் போகுது, தெரிஞ்சாவது வெச்சுக்குவோம்."

அளந்தோம். இதழ் மூடிய கணத்தில் கீலின் இடுக்கு வழியாகத் திரவம் பின்பக்கம் பீய்ச்சியடித்தது. அங்கே உரசல் நாம் எதிர்பார்த்ததைவிட அதிகம். வரைகோட்டில் ஊசி மாதிரி ஓர் உச்சம். நான் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, இது ஒரே துடிப்பின் அளவா, எல்லாத் துடிப்புகளின் சராசரியா என்று கேட்டீர்கள். ஒரு துடிப்பு, சராசரி எடுத்தால் இந்த உச்சம் அமுங்கிவிடும் என்றேன். அப்படியே போடுங்கள் என்றீர்கள். மருத்துவரிடமும் கேட்டீர்கள். பெட்டியில் தெரிவது வேறு, உடம்பு வேறு, அதற்காகத்தானே மாத்திரை, விடாமல் சாப்பிட்டு ஒழுங்காகப் பரிசோதனைக்கு வாருங்கள் என்றாராம். அன்றிலிருந்து உங்களைவிட நான்தான் உங்கள் மாத்திரைக்குக் காவல். உங்கள் மனைவியை நான் அக்கா முறையில் லாத்தா என்று கூப்பிடுவேன். "எனக்கு வீட்டுல ஒரு லாத்தா, ஆபீஸ்ல ஒரு லாத்தா" என்று எல்லாரிடமும் புலம்பினீர்கள்.

அந்த வால்வு உங்களைக் கைவிடவில்லை, பாய். போன வருடம் காய்ச்சலாகத் தொடங்கி நுரையீரலில் இறங்கியதுதான் உங்களைக் கொண்டுபோனது. பாசிர் ரிஸில் இருக்கும் உங்கள் வீட்டுக்குப் போனபோது லாத்தா என் கையைப் பிடித்துக்கொண்டார். "அவுக தூங்கறாகளா முழிச்சிருக்காகளான்னு அந்தச் சத்தத்துலயே எனக்குத் தெரிஞ்சுடும். இப்ப வீடு சும்மா கெடக்கு" என்றார். கூடவே அழுதேன்.

தேநீரைக் குடித்துவிட்டு ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பினேன். புது வால்வு ஒன்று வந்திருக்கிறது. அளப்பதற்கு முன்னால் பம்பை நிறுத்திவிட்டுச் சற்று நேரம் நிற்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. கூட வேலை செய்யும் சீனப் பெண், பின்னணியில் எந்தச் சத்தமும் இல்லையே, இன்னும் எதற்குக் காத்திருக்கிறாய் என்று கேட்டாள். பழைய பழக்கம் என்றேன். கோடு நேராக, சுத்தமாக இருந்தது. அப்படி இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

பிறகு பம்பை ஓடவிட்டேன். இந்த வால்விலும் கீல் பக்கத்தில் ஓர் உச்சம் வந்தது. சராசரி எடுத்துப் போட்டால் வரைபடம் அழகாக இருக்குமே என்றாள் அவள். இது யாருடைய நெஞ்சுக்குள் போகப்போகிறது என்று எனக்குத் தெரியாது. அவருக்கும் மேசைமேல் சாய்கிற பழக்கம் இருக்கலாம். அவருக்கும் வீட்டில் ஒரு லாத்தா இருக்கலாம்.

ஒரு புள்ளியையும் குறைக்கவில்லை, பாய்.